ரைசன் 5 7600-ஐ ஓவர்கிளாக் செய்வது: எந்த வரிசையில், எதுவரை

புது பிராசசர் வாங்கியவர் கேட்கிற முதல் கேள்வி, "இதை எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் இழுக்கலாம்?" என்பதுதான். குறித்த வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட்டுவதைத்தான் ஓவர்கிளாக் என்கிறோம். இப்போது வருகிற பிராசசர்கள் தம் எல்லையை ஒட்டியே பெட்டிக்குள் இருந்து வெளிவருகின்றன. கடிகார வேகத்தில் இழுக்க மிச்சம் கொஞ்சம்தான். தேவைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும் வோல்டேஜிலும், பாதி வேகத்தில் தூங்குகிற ரேமிலும்தான் உண்மையான மிச்சம் கிடக்கிறது.

நான் எடுத்துக்கொள்வது ஏஎம்டி ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு. என்னுடையதும் இதுதான், சொந்தக்காரர், நண்பர்கள் என்று இன்னும் சிலருக்கு இதே வரிசையில் செய்து கொடுத்திருக்கிறேன். 7700, 9600எக்ஸ், 9700எக்ஸ் வைத்திருப்பவர்களும் இதே படிகளைப் பின்பற்றலாம். பவர் எண்கள் மட்டும் மாறலாம்.

## 1. முதலில் கணக்கு

7600எக்ஸ் 2022 செப்டம்பரில் 299 டாலருக்கு வந்தது, கூலர் இல்லாமல். 7600 அடுத்த ஜனவரியில் 229 டாலருக்கு வந்தது, பெட்டிக்குள்ளேயே கூலருடன். இரண்டிலும் 6 கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி), 12 திரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலைகள்). உச்ச வேகம் ஒன்றில் 5.3 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 5.1. விலையில் 30 சதவீத ஏற்றம், வேகத்தில் 4 சதவீத ஏற்றம். அந்த 4 சதவீதத்தைக் காசு கொடுக்காமல் எடுப்பதுதான் இங்கே ஓவர்கிளாக்கின் மதிப்பு. இதற்காகவென்று விலையுயர்ந்த லிக்விட் கூலரும் உயர்ரக மதர்போர்டும் வாங்கினால் கணக்கு உதைக்கும். அந்தப் பணத்துக்கு 8 கோர் பிராசசரே வாங்கிவிடலாம்.

உங்களுக்குப் பயன் உண்டா என்று பார்க்க ஒரு எளிய வழி: வழக்கமாக ஆடும் கேமை ஓட்டி, கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று பாருங்கள். 97, 98 என்று நின்றால் பிராசசர் ஏற்கெனவே கார்டுக்காகக் காத்துக்கிடக்கிறது. அதை இன்னும் வேகமாக்கினால் இன்னும் வேகமாகக் காத்திருக்கும். 1080பி-யில் அதிக பிரேம் ரேட்டில் ஆடுபவர்கள், வீடியோ ரெண்டர் செய்பவர்கள், கோடு கம்பைல் செய்பவர்கள் மேலே படிக்கலாம்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒன்று. ஏ620 சிப்செட் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சில்லு) உள்ள போர்டில் பிராசசர் ஓவர்கிளாக் கிடையாது, ரேமை மட்டுமே ஏற்றலாம். இன்டெல் பக்கம் போனால் பெயரின் கடைசியில் 'கே' உள்ள பிராசசரும் 'இசட்' வகை போர்டும் இரண்டும் வேண்டும். "பி760-இல் கே பிராசசர் போட்டேன், ஓவர்கிளாக் மெனுவே காணோம்" என்று புலம்பியவர்கள் உண்டு.

## 2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு 8 ஜிபி பென் டிரைவ். முக்கியமான கோப்புகளின் பேக்கப். தவறான ரேம் செட்டிங் கணினியை நிறுத்துவதோடு விடாது. எழுதும் கோப்புகளையும் சத்தமில்லாமல் கெடுக்கும். பேக்கப்பை முதலிலேயே எடுக்கச் சொல்வது அதனால்தான்.

மென்பொருள்கள்: வெப்பமும் வோல்டேஜும் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ, முழுச்சுமைக்கு சினிபெஞ்ச், ஒவ்வொரு கோராகச் சோதிக்க கோர்சைக்ளர், ரேமுக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ். எல்லாமே இலவசம்.

ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும். சிரிக்க வேண்டாம். கணினி உறைந்து நிற்கும்போது அதற்குள் இருக்கும் குறிப்பு எதற்கும் உதவாது.

வாரண்டி பற்றியும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். வரையறையைத் தாண்டி ஓட்டுவதும் வோல்டேஜைக் குறைப்பதும் வாரண்டிக்குள் வராது என்பது ஏஎம்டி எழுதியே வைத்திருக்கும் நிபந்தனை. பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங் பகுதி) ஓவர்கிளாக் மெனுவைத் திறக்கும்போது வரும் எச்சரிக்கைப் பக்கம் அதைத்தான் சொல்கிறது.

## 3. பெட்டியைத் திறந்து இரண்டு நிமிடம்

இரண்டு ரேமும் பிராசசரில் இருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். ஒட்டி ஒட்டிச் செருகியிருந்தால் இரண்டும் ஒரே சேனலில் (தரவுப் பாதையில்) போய்ச் சேரும். கடையில் அசெம்பிள் செய்து வந்த ஒரு பெட்டியில் இப்படித்தான் இருந்தது. வாங்கியவர் ஏழு மாதமாகப் பாதி வேக ரேமில் கேம் ஆடிக்கொண்டு, பிராசசரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

கூலரின் அடியில் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 70 டிகிரி காட்டினால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

## 4. பயாஸ் புதுப்பிப்பு

பழைய பயாஸில் வேலையைத் தொடங்காதீர்கள். 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகிய செய்திகள் வந்த பிறகு, எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி புதிய பயாஸில் தடை போட்டது. அதற்கு முந்தைய பயாஸில் ரேமை ஏற்றுவது வேலியில்லாத கிணற்றோரம் நடப்பது போல.

புதுப்பிக்கும் முன் இரண்டு வேலை. விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் ரெகவரி கீயைப் போனிலோ தாளிலோ எடுத்து வையுங்கள். பயாஸ் மாறும்போது பாதுகாப்புச் சாவி அழியலாம். அப்போது விண்டோஸ் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். இரண்டாவது, யுபிஎஸ். நடுவில் கரண்ட் போனால் போர்டு செங்கல்லாகிவிடும். யுபிஎஸ் இல்லாதவர்கள் மின்வாரியத்தின் மாதாந்திர நிறுத்த நாளிலாவது இதைத் தொடாதீர்கள்.

## 5. இருக்கிற நிலையை எழுதுங்கள்

எதையும் மாற்றும் முன் சினிபெஞ்சைப் பத்து நிமிடச் சுற்றாக ஓட்டி மல்டி கோர் புள்ளி, சிங்கிள் கோர் புள்ளி, அதிகபட்ச வெப்பம், வாட், அறை வெப்பம் ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வரி இல்லாவிட்டால் பிறகு வரும் எண்களுக்கு அர்த்தமே இல்லை. "நல்லா ஸ்மூத்தா இருக்கு" என்பது அளவீடு ஆகாது.

அறை வெப்பத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் நம் ஊர். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் 76 காட்டும் பிராசசர், மே மாத மதியம் 38 டிகிரி அறையில் 90-ஐத் தொடும். கூலரால் அறையைவிடக் குளிர்ந்த காற்றை உண்டாக்க முடியாது. உங்கள் வீட்டின் மோசமான மதியத்துக்குத் தாங்குகிற செட்டிங்தான் செட்டிங்.

## 6. முதலில் ரேம்

பிராசசரைத் தொடாமல் ரேமை மட்டும் ஏற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு நீலத்திரை வந்தால் குற்றவாளி யாரென்று தெரியாது. வரிசையில் நடக்கும் தவறுகளில் அதிகம் பார்த்தது இதைத்தான்.

பெட்டியில் 6000 என்று போட்ட ரேம், சும்மா செருகினால் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்போ (ரேமிலேயே பதிந்திருக்கும் வேக செட்டிங்) என்ற தேர்வைப் போட்டால்தான் 6000 வரும். இந்த ஒரு சொடுக்கு, கேம்களில் மற்ற எல்லாப் படிகளும் சேர்ந்து கொடுப்பதைவிட அதிகம் கொடுப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஏன் 6000, ஏன் 8000 இல்லை? கோர்கள் எல்லாம் ஒரே சிப்லெட்டில் (சிறு சில்லில்) உள்ள பிராசசரில், ரேமில் இருந்து படிக்கும் பாதை ஒரு துடிப்புக்கு 32 பைட்தான். அந்த உள்பாதை 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் நொடிக்கு 64 ஜிபி. இரண்டு சேனலில் 6000 ரேம் 96 ஜிபி தரும். வாளி ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, குழாயைப் பெரிதாக்கிப் பயனில்லை. அதோடு 6400 வாக்கில் தாண்டும்போது மெமரி கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், தாமதம் கூடும். 6000, சிஎல்30 (சிஎல் என்பது தாமத எண், குறைந்தால் நல்லது) கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

சேமித்து ரீஸ்டார்ட் செய்தால் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

விண்டோஸுக்குள் வந்ததும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3-க்குக் கீழே இருக்கிறதா என்று எச்டபிள்யூஇன்ஃபோவில் பாருங்கள். பிறகு பென் டிரைவில் இருந்து மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். 6000-க்குப் பதில் 5600 என்று இறக்கி மறுபடி ஓட்டுங்கள். நான்கு ரேம் போட்டிருப்பவர்கள் பெரிதாக ஆசைப்பட வேண்டாம். 7000 வரிசையில் நான்கு ரேமுக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் வெறும் 3600.

## 7. பவர் எல்லையும் பூஸ்ட்டும்

பயாஸில் ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் என்ற மெனுவுக்குள் பிபிஓ, அதாவது பவர் எல்லைகளை மாற்றும் தேர்வு, இருக்கும். அதை அட்வான்ஸ்டு என்று வையுங்கள். எல்லைகளுக்கு 'மதர்போர்டு' என்று ஒரு தேர்வு வரும், அதைத் தொடாதீர்கள். போர்டு தயாரித்தவர் தன் போர்டு தாங்குமளவுக்கு எண் போட்டிருப்பார். உங்கள் கூலர் என்ன தாங்கும் என்று அவருக்குத் தெரியாது.

'மேனுவல்' போட்டு மூன்று எண்களை நீங்களே கொடுங்கள். 7600-இன் இயல்பு அளவு பிபிடி (மொத்த பவர்) 88 வாட், டிடிசி (தொடர் மின்னோட்டம்) 75 ஆம்பியர், இடிசி (கணநேர உச்ச மின்னோட்டம்) 150 ஆம்பியர். 7600எக்ஸின் அளவு 142, 110, 170. பெட்டியோடு வந்த சின்ன கூலர் என்றால் 88-லேயே விடுங்கள், அதற்கு மேல் அதற்கு மூச்சு வாங்கும். டவர் கூலர் என்றால் 110, 120 வாட் வரை போகலாம். சில போர்டுகள் மில்லிவாட்டில் கேட்கும், 110 என்று அடித்தால் 0.11 வாட் ஆகிவிடும். பக்கத்தில் எழுதியிருக்கும் அலகைப் படித்துவிட்டு அடியுங்கள்.

142 வரை ஏன் போகவில்லை? கூடுதல் 54 வாட்டை ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் எரித்தால் ஆண்டுக்கு 79 யூனிட். கைக்கு வருவது முழுச்சுமையில் சொற்ப சதவீதம். கேமில் இந்தப் பிராசசர் 88 வாட்டையே தொடுவது அபூர்வம்.

அதே பக்கத்தில் வெப்ப எல்லை இருக்கும். இயல்பு 95 டிகிரி. நான் 85 என்று வைக்கிறேன். பிராசசருக்கு 95 ஒன்றும் செய்யாது. ஆனால் விசிறியின் இரைச்சல் வீட்டில் மற்றவர்களை எழுப்பிவிடும்.

இப்போது பூஸ்ட் ஓவர்ரைடை (பிராசசர் தானாக ஏறும் உச்ச வேகத்தை உயர்த்தும் தேர்வு) பாசிட்டிவ், 200 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். அது தலைகீழ் வரிசை. அடுத்த படியில் வோல்டேஜைக் குறைத்து நாள்கணக்கில் சோதிக்கப் போகிறீர்கள். அதன் பிறகு வேகத்தை 200 ஏற்றினால் சோதித்தது எல்லாம் வீண். உயர்ந்த வேகத்துக்கு அந்த வோல்டேஜ் போதாது. முதலில் உச்சியை நிர்ணயித்துவிட்டு, பிறகு அந்த உச்சிக்கு எவ்வளவு வோல்டேஜ் போதும் என்று தேடுங்கள்.

## 8. கர்வ் ஆப்டிமைசர்

வேலையின் உயிர்நாடி இதுதான். ஒவ்வொரு வேகத்துக்கும் இவ்வளவு வோல்டேஜ் என்று ஒரு வளைகோடு பிராசசருக்குள் இருக்கிறது. எல்லாச் சில்லும் எல்லா வீட்டிலும் ஓட வேண்டும் என்பதற்காக அதில் கொஞ்சம் தாராளம் சேர்க்கப்பட்டிருக்கும். நெகட்டிவ் எண் கொடுத்தால் அந்தக் கோடு மொத்தமாகக் கீழிறங்கும். ஒரு எண் என்பது ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். நெகட்டிவ் 20 என்றால் 60 முதல் 100 மில்லிவோல்ட்.

வோல்டேஜ் குறைந்தால் சூடு குறையும், வாட் குறையும். மிச்சமான வாட்டை பூஸ்ட் தானே வேகமாக மாற்றிக்கொள்ளும். இங்கே குறைப்பதே ஏற்றுவது. பழைய பழக்கத்தில் எல்லா கோரையும் 5.2 என்று பூட்டி 1.3 வோல்ட் கொடுப்பவர்கள், சும்மா இருக்கும்போதும் அந்த வோல்டேஜைச் சுமந்து, ஒற்றைக் கோர் வேலையில் உச்ச வேகத்தையும் இழக்கிறார்கள்.

எல்லா கோருக்கும் நெகட்டிவ் 10-இல் தொடங்குங்கள். சினிபெஞ்ச் ஓட்டுங்கள், எழுதுங்கள். பிறகு 15, பிறகு 20. ஒவ்வொரு முறையும் ஐந்து ஐந்தாக. நேரே 30 போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அந்தச் சில்லு அவருடையது, உங்களுடையது வேறு.

ஓரிடத்தில் விசித்திரம் ஒன்று நடக்கலாம்: திரையில் வேகம் கூடும், புள்ளி குறையும். வோல்டேஜ் போதாதபோது பிராசசர் தன் துடிப்பை இழுத்து நீட்டிச் சமாளிக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோவில் 'எஃபெக்டிவ் கிளாக்' என்ற வரி உண்மையைச் சொல்லும். முழுச்சுமையில் அது சாதாரண வேக வரியைவிடக் கணிசமாகத் தாழ்ந்திருந்தால் அதிகம் குறைத்துவிட்டீர்கள், பின்வாங்குங்கள். புள்ளிதான் நீதிபதி, மெகாஹெர்ட்ஸ் வெறும் வக்கீல்.

## 9. சோதனை: எல்லோரும் இடறும் இடம்

என் பிராசசர் நெகட்டிவ் 30-இல் ஒரு மணி நேரம் சினிபெஞ்ச் ஓடியது. வெற்றி என்று நினைத்தேன். மறுநாள் காலை ஒரு மின்னஞ்சலைப் படித்துக்கொண்டிருக்கும்போது கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனது. மறுநாளும் அப்படியே, வீடியோவை நிறுத்திவைத்திருந்த நேரத்தில். எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகித்து, அதை மாற்றக்கூடக் கிளம்பினேன்.

முழுச்சுமையில் வாட் எல்லை இடிப்பதால் வேகம் தானே தாழ்ந்துவிடுகிறது. உச்ச வேகத்தைப் பிராசசர் தொடுவது லேசான வேலையில், ஒன்றிரண்டு கோர் மட்டும் துள்ளும்போது. வோல்டேஜ் பற்றாக்குறை அங்கேதான் வெளிப்படும். ஆகவே கர்வுக்கு முழுச்சுமைச் சோதனை போதவே போதாது.

கோர்சைக்ளர் ஒரு நேரத்தில் ஒரு கோருக்கு மட்டும் வேலை கொடுத்து, அதை உச்சியில் ஓடவிட்டு, எந்த கோர் தவறு செய்தது என்று எண்ணோடு சொல்லும். இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். தவறிய கோருக்கு மட்டும் ஐந்து எண் தளர்த்துங்கள்: நெகட்டிவ் 20 என்றால் 15. மறுபடி ஓடவிடுங்கள். பயாஸில் கோர் எண் பூஜ்யத்தில் தொடங்கும் என்பதை மறந்து, பக்கத்துக் கோருக்குத் தண்டனை கொடுத்தவர்கள் உண்டு.

பெரும்பாலும் தவறுவது பிராசசரின் மிகச் சிறந்த இரண்டு கோர்களாகத்தான் இருக்கும். உச்ச வேகத்துக்கு அவற்றைத்தான் அது முதலில் அழைக்கிறது. ஒரு பெட்டியில் இரண்டு நல்ல கோர்கள் நெகட்டிவ் 8-இலும், மற்ற நான்கும் 25-இலும் வந்து நின்றன.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'வீயா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் பிழை எண் 18 அல்லது 19 வந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். கணினி விழாமலேயே பிழையைத் திருத்திக்கொண்டு ஓடியதையும் அது பதிந்து வைக்கும். 18-இல் ஏபிஐசி ஐடி (திரெட்டின் அடையாள எண்) என்று ஓர் எண் இருக்கும். பொதுவாக அதை இரண்டால் வகுத்து மீதியை விட்டால் கோர் எண்.

இரண்டு இரவு கோர்சைக்ளர், ஒரு வாரம் வழக்கமான வேலை, அந்தப் பதிவில் ஒரு வரியும் இல்லை என்றால் தேறியது. பிறகும் எல்லா கோரையும் இரண்டு எண் தளர்த்திவிடுவது என் வழக்கம். கோடை வரும், தூசி படியும்.

## 10. பூட் ஆகவில்லை என்றால்

பத்து நிமிடம் பொறுங்கள். பிறகும் கறுப்பு என்றால் மெயின் சுவிட்சை அணைத்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, போர்டில் கிளியர் சிமாஸ் என்று எழுதிய இரண்டு முள்ளையும் ஸ்குரூடிரைவரால் பத்து நொடி இணைத்துப் பிடியுங்கள். முள் கைக்கு எட்டாவிட்டால் வட்டமான பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். நோட்டுப் புத்தகம் இப்போது கைகொடுக்கும்.

## 11. வேறு பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு

7800எக்ஸ்3டி: வேகப் பெருக்கி பூட்டப்பட்டது, வெப்ப எல்லை 89 டிகிரி. ரேமும் கர்வும் மட்டும் செய்யுங்கள், ஏழாம் படி வேண்டாம். 9800எக்ஸ்3டி-யில் கூடுதல் கேஷ் (பிராசசரின் உள் நினைவகம்) கோர்களுக்கு அடியில் போய்விட்டதால் பூட்டு இல்லை. இந்த வரிசை முழுக்கப் பொருந்தும்.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை கே பிராசசர்கள்: ஏற்றுவதை மறந்துவிட்டு பயாஸைப் புதுப்பியுங்கள். அதிக வோல்டேஜால் சில்லு நிரந்தரமாகத் தேயும் கோளாறை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தங்களும் இரண்டு ஆண்டு கூடுதல் வாரண்டியும் கொடுத்தது. கணினி ஏற்கெனவே தடுமாறினால் திருத்தம் தேய்ந்ததை மீட்காது, வாரண்டிக்கு அனுப்புங்கள்.

கோர் அல்ட்ரா 200எஸ் கே வரிசையும் இசட்890 போர்டும் வைத்திருந்தால் பயாஸில் '200எஸ் பூஸ்ட்' என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஏப்ரலில் இன்டெல்லே கொடுத்தது; உள்பாதையையும் ரேமையும் ஏற்றும், வாரண்டியும் போகாது. அதற்கு மேல் அந்தப் பிராசசரில் நேரம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

எல்லாம் முடிந்ததும் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள். அடுத்த பயாஸ் புதுப்பிப்பு இந்த எண்கள் அத்தனையையும் துடைத்துவிடும். சேமித்த புரொஃபைலைப் பல போர்டுகள் புதிய பதிப்பில் ஏற்காது. கையால்தான் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும்.